1647-ல் கப்பலேறிய விவசாயியைத் தேடி...

கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் என்ன செய்வோம்? பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், பேரப் பிள்ளைகளின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்வோம். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் வாங்கிய நானும் முதல் மாதம் இதைத்தான் செய்தேன். இரண்டாவது மாதம் ஒரு வேலை என்னைத் தேடி வந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் 11 தலைமுறைகளைக் கண்டுபிடிக்கும் வேலை!

"கியூபெக்குக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தமேதான்! என் மருமகள் கியூபெக் பெண். அவளுடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, பரம்பரை விவசாயி. குடும்பப் பெயர் டிரம்ப்ளே. செயின்ட் லாரன்ஸ் நதியின் வட கரையில், கியூபெக் நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி ஷார்லவுவா என்ற மலைப்பாங்கான பகுதியில் இருக்கிறார். வயது 75-ஐத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். மாடுகளை விற்றாகிவிட்டது. அடுத்து நிலம்.

விற்பதற்கு முன் அவருக்கு ஒரு ஆசை. "எங்கள் குடும்பத்தில் முதலில் இந்த ஊருக்கு வந்து ஏர் பிடித்தவர் யார்? அவரிடமிருந்து என் கை வரை மண் எந்த வழியாக வந்தது?" என்று கேட்டாராம். மருமகள் வீடியோ காலில் வந்தாள். "மாமா, உங்களுக்கு நேரம் இருக்கே. அப்பாவுக்குத் தேடித் தர்றீங்களா?" என்றாள். பிரெஞ்சு மொழியில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கட்டுரையில் அந்தத் தேடலை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். அதோடு நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லப் போகிறேன். அந்தத் தவறை சம்பந்தி பிரேம் போட்டு சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டார்!

ஏன் கியூபெக்கில் இது முடிகிறது?

உலகில் சாதாரண விவசாயிகளின் வரலாறு எழுதப்படுவது அபூர்வம். ராஜாக்களுக்கு வம்சாவளி இருக்கும். ஏர் பிடித்தவருக்கு இருக்காது. கியூபெக் இதற்கு விதிவிலக்கு. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே குடியேறிய காலத்திலிருந்தே கத்தோலிக்க ஆலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். அந்தப் பதிவுகள் 1621-ம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன.

1640-ல் கியூபெக் நகர ஆலயம் தீப்பிடித்து எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்து போயின. என்ன செய்தார்கள் தெரியுமா? மக்களைக் கேட்டு, நினைவில் இருந்ததை வைத்து மறுபடியும் எழுதினார்கள்! பிறகு 1679 முதல் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதிகள் எழுதும் வழக்கம் வந்தது. ஒன்று ஆலயத்துக்கு, மற்றொன்று அரசுக்கு. நம் பாஷையில் சொன்னால் 'பேக்கப்'. ஆலயம் எரிந்தாலும் அரசிடம் உள்ள பிரதி பிழைத்திருக்கும். கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்கச் சோம்பல்படுபவர்கள் இதைக் கவனிக்கவும்!

1940-களில் ட்ரூவான் என்ற வம்சாவளி நிறுவனம் கியூபெக் முழுவதும் உள்ள பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தது. அந்த ஃபிலிம்கள்தான் இன்று ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட்டில் இருக்கின்றன. 200 வருடங்களுக்கு முன் ஒரு பங்குத்தந்தை இறகுப் பேனாவால் எழுதிய பக்கத்தை நம் வீட்டு மானிட்டரில் அப்படியே பார்க்கலாம்.

பெயரைத் தேடாதீர்கள், ஜோடியைத் தேடுங்கள்!

புதிதாகத் தேடுபவர்கள் எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். தேடும் பெட்டியில் 'டிரம்ப்ளே' என்று டைப் செய்து என்டர் தட்டினேன். வந்த பட்டியலைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிடலாமா என்று தோன்றியது. காரணம், கியூபெக்கிலேயே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் டிரம்ப்ளேதான்! முதல் பெயரைச் சேர்த்துத் தேடினாலும் பயனில்லை. ஆண் குழந்தை என்றால் ஞானஸ்நானத்தில் ஜோசப் என்றும், பெண் குழந்தை என்றால் மரி என்றும் முதலில் சேர்ப்பது அங்கே வழக்கம். வீட்டில் கூப்பிடும் பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கியூபெக் பதிவேடுகளில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்படுவார்கள். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவருடைய அப்பா, அம்மா பெயர்களும் இருக்கும். எனவே கணவன் பெயர், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஆயிரக்கணக்கான முடிவுகள் சட்டென்று ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும்.

ஏணி ஏறுவது போல இதைச் செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த தாத்தா-பாட்டியின் திருமணப் பதிவை எடுங்கள். அதில் தாத்தாவின் பெற்றோர் பெயர் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவைத் தேடுங்கள். அதில் அவர்களுடைய பெற்றோர். இப்படி ஒரு திருமணம் ஒரு படி. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்யும்போது பல சமயம் பெற்றோர் பெயரை எழுத மாட்டார்கள்; இறந்த மனைவியின் பெயரை மட்டும் எழுதுவார்கள். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் போக வேண்டும்.

எங்கே தேடுவது?

நான் பயன்படுத்திய முக்கியமான இடங்கள் இவை:

ஃபேமிலிசர்ச்: முற்றிலும் இலவசம். ஒரு கணக்கு தொடங்கினால் போதும். கியூபெக் கத்தோலிக்கப் பதிவேடுகளின் ஸ்கேன் பக்கங்கள் இதில் உள்ளன. எல்லாப் பக்கங்களுக்கும் பெயர் அட்டவணை இல்லாததால் சில இடங்களில் புத்தகம் புரட்டுவது போல ஒவ்வொரு பக்கமாகப் போக வேண்டியிருக்கும்.

கனடா தேசிய நூலகம் மற்றும் ஆவணக் காப்பகம்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இலவசம். 1931-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2023-ல்தான் வெளியிடப்பட்டது. தாத்தா காலத்திலிருந்து தொடங்க இது நல்ல இடம். யார் யார் ஒரே வீட்டில் இருந்தார்கள், என்ன வயது, என்ன தொழில் என்று தெரியும்.

பி.ஆர்.டி.எச்.: மாண்ட்ரியால் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டம். 1621 முதல் 1849 வரையிலான 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் குடும்பத்தோடு இணைத்திருக்கிறார்கள். விவரங்களைத் திறக்கக் கட்டணம் உண்டு.

ட்ரூவான் நிறுவனத்தின் வெப்சைட்: கட்டணம் உண்டு. பதிவேட்டுப் பக்கங்கள் தெளிவாக இருக்கும்.

கியூபெக் மாநில நூலகம் மற்றும் ஆவணக் காப்பகம்: நோட்டரிகள் எழுதிய பழைய பத்திரங்கள் இங்கே ஸ்கேன் செய்யப்பட்டுள்ளன. இலவசம். விவசாயியைத் தேடுபவர்களுக்கு இதுதான் புதையல். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் சின்னக் கோடுகள் இருக்கும். அவற்றை எப்படி டைப் செய்வது என்று பயப்பட வேண்டாம். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 130 என்று தட்டினால் வலது பக்கம் சாய்ந்த கோட்டுடன் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வரும். 138 தட்டினால் இடது பக்கம் சாய்ந்த கோடு. 135 தட்டினால் வால் முளைத்த 'சி' எழுத்து.

பிரெஞ்சு தெரியாமல் பதிவேட்டைப் படிக்க முடியுமா?

முடியும். ஏனென்றால் எல்லாப் பங்குத்தந்தையரும் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில்தான் எழுதினார்கள். ஓரத்தில் 'பி' என்று இருந்தால் ஞானஸ்நானம், 'எம்' என்றால் திருமணம், 'எஸ்' என்றால் அடக்கம். வருடக் கடைசியில் பெரும்பாலும் பெயர் அட்டவணை இருக்கும். அதை முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம். விவசாயியை 'கல்டிவத்தேர்' அல்லது 'அபிதான்' என்று எழுதுவார்கள். நிலமில்லாத கூலி என்றால் 'ஜூர்னாலியே'.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணைப் போட்டுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'ப்ர' என்பது போல எழுதியிருந்தால் அது ஏழாவது மாதமான ஜூலை அல்ல, செப்டம்பர்! 'செத்' என்றால் பிரெஞ்சில் ஏழு என்பதால் வந்த சுருக்கெழுத்து இது. அதேபோல் 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர், 10 என்றால் டிசம்பர். நான் இரண்டு பேரைப் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற வைத்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

கையெழுத்து புரியவில்லை என்றால் அதே பக்கத்தில் அவர் எழுதிய மற்ற பதிவுகளைப் பாருங்கள். தெரிந்த சொல்லில் ஓர் எழுத்தை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்து, தெரியாத சொல்லை ஊகிக்கலாம். படத்தைப் பெரிதாக்கி, நிறங்களைத் தலைகீழாக்கி, கறுப்பில் வெள்ளை எழுத்தாக வைத்துப் பார்த்தால் மங்கிய மை நன்றாகத் தெரியும்.

ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்!

கியூபெக்கில் இன்னொரு சிக்கல், 'டி' என்ற சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் பெயர். 'என்று அழைக்கப்படும்' என்று அதற்குப் பொருள். பட்டாளத்தில் வைத்த பட்டப் பெயர், நிலத்தின் பெயர் என்று ஏதாவது ஒன்று குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சில தலைமுறைகள் கழித்து, ஒரு கிளை பழைய பெயரையும் இன்னொரு கிளை புதிய பெயரையும் வைத்துக்கொள்ளும்.

பிரபலமான உதாரணம், கியூபெக்கின் மிகப்பெரிய கூட்டுறவு வங்கியை 1900-ல் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தேஜார்தான். இவருடைய அப்பாவின் பெயர் 'ருவா டி தேஜார்தான்'. அம்மா 'மிவில் டி தெஷேன்'. எனவே தேஜார்தான் என்று மட்டும் தேடிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் பாதை முட்டி நிற்கும். 'ருவா' என்று மாற்றினால் மறுபடியும் திறக்கும். நீங்கள் தேடும் குடும்பம் திடீரென்று மாயமாகிவிட்டால், அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

நான் சறுக்கிய இடம்

நல்லவேளை, டிரம்ப்ளே குடும்பத்தில் எனக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. வேறொன்று வந்தது.

தொடக்கத்தில் மடமடவென்று படி ஏறினேன். சம்பந்தியின் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா... 1840-களில் நடந்த ஒரு திருமணம் வரை எந்தத் தடையும் இல்லை. அந்தத் திருமணப் பதிவில் மணமகனின் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன. அப்பா டிரம்ப்ளே. அம்மா மரி, அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் டிரம்ப்ளே! ஷார்லவுவாவில் இது சகஜம். அந்த ஜோடியைத் தேடினேன். பக்கத்துப் பங்கில் பொருத்தமான வயதில் ஒரு ஜோடி கிடைத்தது. இன்டர்நெட்டில் யாரோ போட்டிருந்த குடும்ப மரம் ஒன்றிலும் அதே இணைப்பு இருந்தது. பிறகென்ன? அதைப் பிடித்து மேலே ஏறினேன்.

மேலே போகப் போக உற்சாகம் தாங்கவில்லை. அந்தக் கிளை நேராக பியர் டிரம்ப்ளே என்ற மகனிடம் போய்ச் சேர்ந்தது. அதே பெயர் கொண்ட முதல் குடியேறியின் மகன் அவர். 1710-ல் லேஸ் எபூல்மான் என்ற பகுதிக்கே 'சென்யூர்' ஆனவர், அதாவது நம் ஊர் ஜமீன்தார் மாதிரி. அவர் வாரிசுகள் கையில் அந்த ஜமீன் 1810 வரை இருந்தது. சம்பந்திக்கு ஜமீன் பரம்பரை! 11 தலைமுறைகளையும் அழகாக டிசைன் செய்து, பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, கூரியரில் அனுப்பினேன். அதோடு ஒரு பழைய நிலப் பத்திரத்தின் நகலையும் வைத்தேன்.

சம்பந்தி அதை பிரேம் போட்டு மாட்டினார். பத்திரத்தில் இருந்த விவரத்தை வைத்து நிலத்தைக் கண்டுபிடித்து, எங்கள் இருவருக்கும் பொதுவான பேரனை அங்கே அழைத்துப் போய், "இது நம் தாத்தாவுக்குத் தாத்தா உழுத மண்" என்று காட்டிப் போட்டோவும் எடுத்து அனுப்பினார். பேரன் கையில் ஒரு பிடி மண்!

மூன்று மாதம் கழித்து, சேமித்த பக்கங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அந்த 1840-களின் திருமணப் பதிவு மறுபடியும் கண்ணில் பட்டது. மணமகனின் அப்பா பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சொல். முதல் தடவையே அதைப் பார்த்திருந்தேன். ஆன்லைன் மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல்லை மட்டும் போட்டுப் பார்த்தபோது 'நெருப்பு' என்று வந்தது. அப்பா பெயருக்கு முன்னால் நெருப்பு எதற்கு? நான்தான் எழுத்தைத் தவறாகப் படித்திருப்பேன் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது மருமகளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். "மாமா, அதே ஸ்பெல்லிங்தான். ஆனா பெயருக்கு முன்னால வந்தா 'காலஞ்சென்ற'ன்னு அர்த்தம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், நான் இணைத்திருந்த அந்த அப்பா 1861-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தார்! மகனின் திருமணத்தில் காலஞ்சென்றவர், 15 வருடங்களுக்கு மேல் கழித்து எப்படி உயிரோடு இருப்பார்?

அதே பெயரில், மரி டிரம்ப்ளே என்ற அதே பெயருள்ள மனைவியோடு, வேறொருவர் இருந்திருக்கிறார். ஜோடியைத் தேடும் முறை 100-க்கு 95 தடவை காப்பாற்றும். நான் மாட்டிக்கொண்டது மீதி 5-ல்.

முடிவு ஒன்றுதானே?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். காரணம், வட அமெரிக்காவில் உள்ள டிரம்ப்ளே குடும்பங்களின் மூதாதையர் ஒரே தம்பதிதான். எந்தக் கிளை வழியாகப் போனாலும் கடைசியில் அவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். 'முடிவு ஒன்றுதானே, நடுவில் வழி மாறினால் என்ன?' என்று மனம் சமாதானம் சொன்னது.

ஆனால் சம்பந்தி கேட்ட கேள்வி என்ன? முதல் மனிதர் யார் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. 'அவரிடமிருந்து என் கை வரை எந்த வழியாக வந்தது' என்பதுதான் அவர் கேட்டது. வழிதான் கேள்வியே! பேரன் வேறு யாருடைய மண்ணையோ கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மறுநாள் காலை மறுபடியும் தொடங்கினேன்.

இந்த முறை ஓர் ஆதாரம் போதாது என்று வைத்துக்கொண்டேன். மூன்று கிடைத்தன.

முதலாவது, அடக்கப் பதிவு. அதே பெயருள்ள இன்னொருவர் திருமணத்துக்குச் சில வருடங்கள் முன்பு இறந்திருந்தார். மனைவி பெயர் பொருந்தியது.

இரண்டாவது, திருமணப் பதிவிலேயே நான் கவனிக்காத ஒரு வரி. மணமக்கள் நெருங்கிய உறவினர் என்றால் ஆலயத்திடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். அதை எந்த 'டிகிரி' உறவு என்று பதிவில் எழுதுவார்கள். இரண்டாம் டிகிரி என்றால் தாத்தா-பாட்டி ஒன்று. மூன்றாம் டிகிரி என்றால் கொள்ளுத் தாத்தா-பாட்டி ஒன்று. எங்கள் பதிவில் மூன்றாம் டிகிரி என்று இருந்தது. மணமகளின் வழி எனக்கு ஏற்கெனவே தெரியும். இறந்துபோனவரை அப்பாவாக வைத்தால், மணமகனின் தாத்தாவும் மணமகளின் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். கணக்கு அப்படியே பொருந்தியது. உயிரோடு இருந்தவரை வைத்தால் பொருந்தவில்லை.

மூன்றாவது ஆதாரம் நோட்டரி பத்திரம்.

மண்ணைப் பேச வைக்கும் பத்திரங்கள்

கியூபெக்கில் நிலம், திருமண ஒப்பந்தம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் நோட்டரி எழுதி, மூலப் பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். நிலங்கள் நதியிலிருந்து உள்நோக்கிப் போகும் நீளமான பட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. அளவு 'ஆர்பான்'. ஒரு ஆர்பான் நீளம் ஏறக்குறைய 58 மீட்டர். 3 ஆர்பான் அகலம், 30 ஆர்பான் நீளம் என்பது வழக்கமான பண்ணை. அதாவது அகலம் 175 மீட்டர், நீளம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்! ஒரு வரிசை நிரம்பியதும் அதற்குப் பின்னால் அடுத்த வரிசை. வரிசைக்கு 'ரான்' என்று பெயர். பத்திரத்தில் எந்த ரான், இந்தப் பக்கம் யார் நிலம், அந்தப் பக்கம் யார் நிலம் என்று எழுதியிருக்கும்.

விவசாயிகளைத் தேடுபவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது தானப் பத்திரம். பெற்றோர் வயதான பிறகு பண்ணையை ஒரு மகனுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பதிலுக்கு அவர் ஆயுள் முழுவதும் என்னென்ன தர வேண்டும் என்று பட்டியல் இருக்கும். இத்தனை அளவு கோதுமை, பன்றி இறைச்சி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகக் குதிரை, இறந்த பிறகு இத்தனை பூசைகள் என்று நோட்டரி வரிசையாக எழுதுவார்.

எங்களுக்குக் கிடைத்தது, கணவனை இழந்த மரி தன் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். காலஞ்சென்ற கணவரின் பெயர் அதில் இருந்தது. மகன் பெயர் இருந்தது. மருமகள் பெயரும் இருந்தது. 1840-களின் திருமணப் பதிவில் இருந்த அதே மணமக்கள்! மரி கேட்டிருந்தவற்றில் ஒன்று, பிளந்த விறகைக் கதவருகே கொண்டுவந்து போட வேண்டும் என்பது. ஷார்லவுவா குளிர்காலத்தில் அந்த அம்மாவுக்கு வேறென்ன கவலை இருந்திருக்கும்?

1647-ம் ஆண்டுக் கூலியாள்

சரியான வழியில் ஏறியபோது ஜமீன்தார் காணாமல் போனார். முதல் குடியேறியின் குடும்பப் பெயரைச் சந்ததிக்குக் கொண்டு போனவர்கள் பியர், மிஷேல், ஜாக், லூயி என்ற நான்கு மகன்கள். சம்பந்தியின் வழி பியர் அல்ல, மற்ற மூவரில் ஒருவர். ஜமீன் இல்லை, பட்டம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டில் 'அபிதான்' என்ற ஒரே சொல்தான்.

உச்சியில் இருப்பவர் பியர் டிரம்ப்ளே. பிரான்ஸில் பெர்ஷ் பகுதியின் ரன்டொனே என்ற ஊரில் 1626-ல் பிறந்தவர். 1647-ல் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி கியூபெக் வந்தார். 1657 அக்டோபர் 2-ம் தேதி கியூபெக் நகர ஆலயத்தில் ஓசான் அஷோனைத் திருமணம் செய்தார். அதே வருடம் லா ரொஷேல் பக்கத்திலிருந்து வந்த பெண் அவர். இருவரும் போப்ரே கரையில் லான்ஜ் கார்டியன் என்ற இடத்தில் பயிர் செய்தார்கள். 12 குழந்தைகள். 1666-ல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடியேற்றம் முழுவதும் எண்ணப்பட்டவர்கள் 3,215 பேர்தான். அதில் இவர்கள் குடும்பமும் ஒன்று.

பிரான்ஸ் பதிவேடுகளையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ரன்டொனே உள்ள ஓர்ன் மாவட்ட ஆவணக் காப்பகம் பழைய பதிவேடுகளை இன்டர்நெட்டில் வைத்திருக்கிறது. ஊர்ப் பெயர் விஷயத்தில் மட்டும் கவனம். ரன்டொனே 2016 முதல் வேறொரு பெரிய ஊராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பெயரிலேயே தேடுங்கள்.

பெயரை வைத்துப் பெருமை தேடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பிரான்ஸின் அமைச்சர் ரிஷல்யூவுக்கு வலது கையாக இருந்த துறவி பிரான்சுவா லெக்ளேர் டு டிரம்ப்ளே. டிரம்ப்ளே என்றதும் அவரோடு உறவு கொண்டாடத் தோன்றும். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் லெக்ளேர். டிரம்ப்ளே என்பது அவருடைய நிலத்தின் பெயர். ஒருவகை மரத்தின் தோப்பு என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். தோப்பு இருந்த ஊர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்திருக்கிறது.

மறக்கக் கூடாதவை

* கிராம்ப்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் சேர்க்கும்போதே எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்பதையும் எழுதி வையுங்கள்.

* ஃபைலை 'ஜெட்காம்' முறையிலும் ஒரு பிரதி சேமியுங்கள். 1984 முதல் உள்ள முறை இது. நாளை வேறு சாஃப்ட்வேருக்கு மாறினாலும் திறக்கும்.

* பதிவேட்டுப் படங்களுக்கு வருடம், பங்கு, பெயர் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். 'படம்1', 'படம்2' என்று வைத்தால் பிறகு தேட முடியாது.

* இன்டர்நெட்டில் மற்றவர் போட்ட மரம் ஒரு துப்பு மட்டுமே, ஆதாரம் அல்ல. தவறையும் எல்லோரும் காப்பி செய்வார்கள்.

* மொழிபெயர்க்கும்போது ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள். முழு வாக்கியத்தையும் போடுங்கள்.

* புரியாத சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிய ஒரே ஒரு சின்னச் சொல் மூன்று மாதம் என்னை வேறொரு குடும்பத்தில் அலைய விட்டது.

சம்பந்தி என்ன சொன்னார்?

வீடியோ காலில் மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜமீன் போனதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்படியென்றால் அந்த மரம் யாருடையது?"

அதையும் தேடிச் சொன்னேன். பக்கத்துப் பங்கில் அந்த வழியில் வந்த குடும்பம் ஒன்று இன்றும் இருக்கிறது. சம்பந்தி பிரேமைக் கழற்றி, தன் பெயர் இருந்த கீழ்ப் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, மேல் பாதியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களுக்கு அது சரியான மரம்!

நிலம் இந்த வசந்த காலத்தில் கைமாறிவிட்டது. அதற்கு முன் ஒரு போட்டோ வந்தது. பத்திரத்தில் மரி எழுதிக் கொடுத்த நிலத்தை ரான் பெயரை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வயல் எதுவும் மிச்சமில்லை. எல்லாம் ஊசியிலைக் காடு. நடுவில் ஒரு கல் குவியல். உழும்போது கிடைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் குவித்து வைப்பது அந்த ஊர் விவசாயிகளின் வழக்கம்.

பேரன் அந்தக் குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறான். "இந்தக் கல்லையெல்லாம் பொறுக்கியது யார் தெரியுமா?" என்று கேட்டால், இப்போது பெயரோடு சொல்கிறானாம்.